சவுண்ட கொஞ்சம் கொறைச்சு வைங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பின்னணி இசை பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நெனைக்கல. பாதி பேரு "பேர் போடாதீங்க, ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க"ன்னு எழுதியிருந்தீங்க. அதனால யாருக்குமே பேர் போடல, ஊர் மட்டும்.

வீட்டு வேலை பாக்கும்போது வெறும் இன்ஸ்ட்ருமென்டல் மட்டும் ஓட விடுவேன். மாமியார் "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு, சாவு வீடு மாதிரி ஏதோ ஓடுது"ங்கறாங்க. வரியே இல்லாத மியூசிக்ல என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது? (வாசகி, கும்பகோணம்)

புரிய வைக்கவே வேணாம்மா, அவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. அந்தத் தலைமுறைக்கு ரேடியோவுல திடீர்னு நிகழ்ச்சிய நிறுத்திட்டு ஷெனாயும் வயலினும் மணிக்கணக்கா ஓடுச்சுன்னா யாரோ பெரிய தலைவர் போய்ட்டாங்கன்னு அர்த்தம், 1984ல இந்திரா காந்தி போனப்ப அப்டித்தான் ஓடுச்சு, எங்க தெருவுல நியூஸ் வாசிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வயலின வச்சே விஷயம் தெரிஞ்சுபோய் கடைய சாத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்டி பழகின காது சந்தேகப்படத்தான் செய்யும்.

ஆனா அதே மாமியார கும்பேஸ்வரர் கோயில் புறப்பாட்டுக்கு கூட்டிட்டுப் போங்க. சாமி கெளம்பும்போது நாதஸ்வரத்துல மல்லாரி வாசிப்பாங்கல்ல, கம்பீரநாட்டை ராகத்துல, அதுக்கு சாகித்யமே கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அவங்க கையெடுத்துக் கும்பிடும்போது "இதுல வரி எங்கத்தே"ன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. ரொம்ப மெதுவா கேளுங்க, குடும்பத்துல கொழப்பம் வந்தா நான் பொறுப்பில்ல.

எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. யூடியூப்ல தேடினா பத்து மணி நேர வீடியோவா வருது. தமிழ்லேந்தே ஆரம்பிக்க வழி இருக்கா? (வாசகர், திண்டுக்கல்)

நல்லாவே இருக்கு. இளையராஜாவோட "ஹவ் டு நேம் இட்", 1986ல வந்த ஆல்பம், படத்துக்காகப் போட்டது இல்ல, தனியா போட்டது, தியாகராஜருக்கும், ஜெர்மனியோட பழைய இசை மேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் பண்ணியிருப்பார். வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதுல அந்த 'பாக்'க எங்க வீட்ல சந்திச்சேன்னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒண்ணு இருக்கும், பாக் தனி வயலினுக்கு எழுதினத நம்மாளு கையில எடுத்து நம்ம ஊர் வயலினோட பேச விட்டிருப்பார், எனக்கு அதக் கேக்கும்போதெல்லாம் திண்ணைல ரெண்டு பெரியவங்க உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டே பேசற மாதிரியே இருக்கும்.

கேட்டுட்டு அடுத்து பாலு மகேந்திராவோட "வீடு" பாருங்க, 1988 படம், பாட்டே கிடையாது, பின்னணிக்கு இதே ஆல்பத்துலேந்து எடுத்துத்தான் போட்டிருப்பாங்க. தனியா கேக்கும்போது கச்சேரி மாதிரி கம்பீரமா இருந்த அதே மியூசிக், அங்க ஒரு நடுத்தர குடும்பம் செங்கல் செங்கலா வீடு கட்ட முடியாம திணர்றதுக்குப் பின்னாடி வரும்போது நெஞ்சுல கைய வச்சு அழுத்தற மாதிரி இருக்கும், அதுலயும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டப் பாக்கப் போற எடம் இருக்கே, வேணாம், சொல்லிட்டா கெட்டுடும். ஒரே ட்யூன் எடம் மாறினா எப்டி வேற ஆளாயிடுதுன்னு இத விட நல்லா சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியல.

அப்பறம் "நத்திங் பட் விண்ட்", 1988, ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். அப்பறம் ரஹ்மானோட பம்பாய் தீம், 1995, அதுல குழல் நவீன்குமார். பாலஸ்தீனத்து இயக்குநர் எலியா சுலைமான் 2002ல எடுத்த படத்துல கூட அத போட்டிருக்காங்க, அங்க இருக்கறவங்களுக்கு பம்பாய் கலவரம் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லையே.

என் கதை சொன்னா சிரிப்பீங்க. எங்க ஊர் ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா அறுபது நிமிஷ கேசட்ல பதிஞ்சு குடுப்பாங்க, கடைசில ரெண்டு நிமிஷம் மிஞ்சும், முழுப் பாட்டும் புடிக்காது, அந்த அண்ணன் டேப்ப காலியா விட மனசில்லாம ஏதாவது ஒரு தீம் மியூசிக்க போட்டு ரொப்பிடுவார். நான் காசு குடுத்துக் கேட்ட பாட்டெல்லாம் மறந்துபோச்சு, அவர் சும்மா ரொப்பினது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆம்பியன்ட் மியூசிக்னு சொல்றாங்களே, அதுன்னா தூங்கறதுக்குப் போடற மழைச் சத்தமா? (வாசகர், கோயம்புத்தூர்)

மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு, ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. 1975 ஜனவரில பிரையன் ஈனோங்கற இங்கிலாந்து இசைக்காரர் ரோட்ல டாக்ஸில அடிபட்டு வீட்ல படுத்த படுக்கையா கெடக்கார், பாக்க வந்த ஃப்ரெண்டு ஒருத்தங்க பழைய ஹார்ப் (நம்ம யாழ் மாதிரி) இசை ரெக்கார்டு ஒண்ணு குடுத்துட்டுப் போறாங்க, இவரும் கஷ்டப்பட்டு எந்திரிச்சுப் போட்டுட்டு வந்து படுத்தப்பறம்தான் கவனிக்கிறார், சவுண்டு ரொம்ப கம்மியா இருக்கு, ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணு வேலையும் செய்யல. மறுபடி எந்திரிக்க தெம்பு இல்ல. வெளிய மழை. மழைக்கு நடுவுல ஹார்ப் அங்கொண்ணும் இங்கொண்ணுமா மட்டும் கேக்குது, ஜன்னல், வெளிச்சம், மழை இதெல்லாம் எப்டி அந்த ரூம்ல இருக்கோ அதே மாதிரி இசையும் ஒரு ஓரமா இருக்கலாமேன்னு அங்கதான் அவருக்குத் தோணுது. 1978ல "மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்" போட்டார். அதுல ஒரு பகுதிக்கு மனுஷக் குரல்கள டேப்புல பதிஞ்சு, ஒவ்வொரு டேப்பையும் வேற வேற நீளத்துல வளையமா ஒட்டி சுத்த விட்டாங்க, நீளம் வேற வேறங்கறதால ஒரு குரல் இன்னொண்ணோட சேர்ற எடம் மாறிக்கிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டுல எல்லா பஸ்ஸும் அதது நேரத்துக்கு வந்துட்டுப் போற மாதிரி, எப்ப எது எது பக்கத்துல நிக்கும்னு சொல்ல முடியாது.

இதுக்கும் முன்னாடியே பாரிஸ்ல எரிக் சாட்டின்னு ஒரு குசும்பு புடிச்ச மனுஷன், 1917லயே மேசை நாற்காலி மாதிரி ஒரு இசைன்னு பேரு வச்சு எழுதினார், அதாவது ரூம்ல இருக்கும், யாரும் உத்துப் பாக்க வேணாம். 1920ல ஒரு நாடக இடைவேளைல வாசிக்க வச்சப்ப ஜனங்க மரியாதையா அமைதியா உக்காந்து கேக்க ஆரம்பிச்சுட்டாங்களாம், இவர் ஓடி ஓடிப் போய் "பேசுங்க, நடங்க, கேக்காதீங்க"ன்னு கத்தினாராம். நம்ம கல்யாண மண்டபத்து நாதஸ்வரக்காரர் பாத்திருந்தா கண்ணு கலங்கியிருப்பார், அவர் கஷ்டமே யாரும் கேக்க மாட்டேங்கறாங்கங்கறதுதான.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லைங்க. கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தம்புரா மட்டும் ஒரு நிமிஷம் தனியா ஓடும் பாருங்க, நாலு தந்தி, ஒரே சுருதி, ஆனா கவனிச்சா உள்ளுக்குள்ள ஏதோ நகந்துகிட்டே இருக்கும். அந்த ஒரு நிமிஷத்த ஒரு மணி நேரமா இழுத்தா என்னவோ அதுதான் ஆம்பியன்ட்ல பாதி. ஒண்ணே ஒண்ணு, சவுண்ட ஏத்தி வச்சுட்டு "ஒண்ணுமே நடக்கலையே"ன்னு திட்டாதீங்க. ஃபேன் சத்தத்துக்குக் கொஞ்சம் மேல வச்சுட்டு உங்க வேலையப் பாருங்க.

எனக்குப் புடிச்ச பிஜிஎம் எதுவும் ஆல்பத்துல இல்ல. படத்துலேந்து வெட்டி எடுத்துப் போட்டதுதான் கெடைக்குது, நடுவுல ஹீரோ பேசறான். ஏன் இப்டி? (வாசகர், சேலம்)

ஏன்னா அப்ப கேசட் கம்பெனிக்கு பாட்டுதான் வியாபாரம், பின்னணி இசை படத்துக்குள்ளயே கெடந்துச்சு, மிஞ்சிப் போனா ஒரு தீம் போடுவாங்க. நாங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவில படம் போட்டா ஸ்பீக்கர் பக்கத்துல டேப் ரெக்கார்டர வச்சு ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கிட்டு மூச்சு கூட விடாம உக்காந்திருப்போம். அப்டி நான் புடிச்ச ஒரு சோகமான வயலின் பீஸ்ல சரியா உச்சத்துக்குப் போற எடத்துல எங்கம்மா வச்ச குக்கர் விசில் அடிச்சிருக்கும், கூடவே "அந்த எழவ அணைச்சுட்டு சாப்ட வா"ன்னு குரலும். இப்ப அதே மியூசிக் நெட்ல சுத்தமா கெடைக்குது, கேட்டா அந்த எடத்துல விசில் வராம என்னமோ கொறையற மாதிரியே இருக்கு.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்டின்னு நெனைக்காதீங்க. "பிளேட் ரன்னர்" 1982ல வந்த ஹாலிவுட் படம், இசை வாங்கெலிஸ்னு ஒரு கிரேக்கக்காரர், அவர் லண்டன்ல ஒரு ஸ்டுடியோவுல திரைல படத்த ஓட விட்டு பாத்துக்கிட்டே வாசிச்சது. படத்துக் கடைசில ஆல்பம் வருதுன்னு பேர் எல்லாம் போட்டாங்க, வரல, அதுக்குப் பதிலா வேற ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச ரெக்கார்டுதான் கடைக்கு வந்துச்சு. ரசிகர்கள் திருட்டு கேசட்லதான் கேட்டுட்டு இருந்தாங்க, வாங்கெலிஸ் வாசிச்சது முறையா வெளிய வந்தது 1994ல. பன்னெண்டு வருஷம்! வந்த ஆல்பத்துல என்ன வேடிக்கைன்னா அவரே நடுநடுவுல படத்து வசனத்தப் போட்டு வச்சிருந்தார். ஆக உங்க ஹீரோ பேசறதுக்கும் முன்னுதாரணம் இருக்கு சார்.

ஒரு கம்பெனில நைட் ட்யூட்டி செக்யூரிட்டியா இருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பாட்டு கேட்டா பழைய ஞாபகம் எல்லாம் வந்து கஷ்டமாயிடுது, பாட்டு இல்லாததா ஏதாவது சொல்லுங்களேன். (வாசகர், ஓசூர்)

இந்தக் கேள்விய நான் மூணு தடவ படிச்சேண்ணே. மொதல்ல, ஒரு காதுல மட்டும் போடுங்க, இன்னொரு காது ட்யூட்டிக்கு.

"பாரிஸ், டெக்சாஸ்"னு 1984 படம், பேர்ல பாரிஸ் இருந்தாலும் கதை அமெரிக்காவோட வறண்ட காட்டுலதான் நடக்குது, ஒரு மனுஷன் நடந்து வந்துகிட்டே இருப்பான், பின்னாடி ரை கூடர் ஒத்த கிடார் தந்திமேல குழாய வச்சு இழுத்து இழுத்து வாசிப்பார். அவ்ளோதான், வேற வாத்தியம் பெருசா கேக்காது. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவுல அவ்ளோ எடம் விட்டிருப்பார், அந்த எடத்துல உங்க ஊர் லாரி சத்தம், நாய் கொலைக்கிறது எல்லாம் வந்து உக்காந்துக்கும், ஒண்ணும் கெட்டுப் போகாது.

அதே ரை கூடர் பின்னாடி நம்ம ராஜஸ்தான்காரர் விஸ்வமோகன் பட்டோட சேந்து "எ மீட்டிங் பை தி ரிவர்"னு ஒரு ஆல்பம் பண்ணார், 1993ல வந்தது. பட் கிடார மாத்தி அமைச்சு மோகன வீணைன்னு வாசிக்கிறவர். ரெண்டு பேரும் முன்னபின்ன பாத்ததே கிடையாது, நேர்ல சந்திச்சு ஒரு மணி நேரம் கூட ஆகல, உக்காந்து வாசிச்சுட்டாங்க, கிராமி வேற வாங்கிச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ ரெண்டு பேரு அவசரமே இல்லாம பேசிக்கிட்டு இருக்காங்கங்கற நெனப்பே ஒரு தொணதான். சோகமா இருக்குமான்னா, இருக்கும், ஆனா அது உங்க சோகத்த தோண்டாது, வேற யாரோடதோ, தள்ளி நிக்கும்.

இப்ப வர்ற படங்கள்ல பிஜிஎம் காத கிழிக்குது. ஹீரோ கதவத் திறந்தாலே இடி இடிக்குது. எனக்கு வயசாயிடுச்சா, இல்ல நெஜமாவே சத்தம் ஜாஸ்தியா? (வாசகர், மதுரை)

ரெண்டும்தான் சார், கோவிச்சுக்காதீங்க, எனக்கும் ஆயிடுச்சு. மாஸ் சீனுக்கு மாஸ் மியூசிக் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், மொத நாள் மொத ஷோல விசில் அடிச்ச வாய்தான் இதுவும். என் கஷ்டம் சத்தம் இல்ல, ஓய்வு குடுக்க மாட்டேங்கறாங்கங்கறது. ரெண்டரை மணி நேரமும் யாராவது கூடவே ஓடி வந்து தோளத் தட்டி "இப்ப பயப்படு, இப்ப அழு"ன்னு சொல்லிட்டே இருந்தா எப்டி.

சத்யஜித் ராயோட "பதேர் பாஞ்சாலி"ய எடுத்துக்கோங்க, 1955. இசை ரவிசங்கர், மொத்தமும் ஒரே உக்காருல, ராத்திரியோட ராத்திரியா பதினோரு மணி நேரம் போல வாசிச்சு முடிச்சது. பொண்ணு செத்துப்போன விஷயம் தெரியாம அப்பா ஊர்லேந்து வர்றார், அவளுக்காக வாங்கின சேலைய எடுத்து நீட்றார், அம்மாக்காரி அத வாயில கடிச்சுக்கிட்டு ஒடஞ்சு அழுவா, ஆனா அந்த அழுகைச் சத்தம் நமக்குக் கேக்காது, அந்த எடத்துல தார் ஷெனாய்னு ஒரு வாத்தியம், வில்லு போட்டு வாசிக்கிறது, உச்ச ஸ்தாயில கதறும். இது ஏன் அடிவயித்தப் பெசையுதுன்னா அதுக்கு முன்னாடி அவ்ளோ நேரம் அடக்கமா இருந்துட்டு அங்க வந்து வாயத் தொறக்குது. முன்னாடியே கத்தியிருந்தா இங்க கத்த என்ன மிச்சம் இருக்கும்.

செர்ஜியோ லியோனே எடுத்த "ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்" 1968. எனியோ மொரிகோனே இசைய முன்னாடியே போட்டுக் குடுத்து, ஷூட்டிங்ல அத ஒலிக்க விட்டு நடிகர்கள நடக்க வச்சாங்க, அவ்ளோ இசைப் பைத்தியங்க ரெண்டு பேரும். ஆனா படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் போல இசையே கிடையாது! மூணு ரவுடிங்க ரயிலுக்காகக் காத்திருப்பாங்க, காத்தாலை கிறீச்சிடும், ஒருத்தன் தொப்பில தண்ணி சொட்டும், ஒரு ஈ பறக்கும். அந்த ஈதான் அங்க பிஜிஎம்.

அதுக்கு எதிரா ஒரு உதாரணமும் சொல்லிடறேன், இல்லன்னா நேர்மையா இருக்காது. "சைக்கோ"ல, 1960, அந்த பாத்ரூம் கொலைக்கு மியூசிக்கே வேணாம்னுதான் ஹிட்ச்காக் சொன்னார். பெர்னார்ட் ஹெர்மன் பேச்சக் கேக்காம வெறும் தந்தி வாத்தியத்த வச்சே ஒண்ணு எழுதிட்டு வந்தார், கேட்டதும் டைரக்டர் மனசு மாறிட்டார். அப்டியும் நடக்கும்.

கம்ப்யூட்டர்ல பண்ற மியூசிக்ல உயிர் இல்லன்னு எங்க வயலின் சார் சொல்றார். சரியா? (மாணவி, திருச்சி)

சார்ட்ட சண்டைக்குப் போகாத தங்கம், கீபோர்டு வந்தப்பறம் வயலின்காரங்க பொழப்பு எவ்ளோ போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும், அந்த வலிலதான் பேசறார். ஆனா உயிர் மரக்கட்டைலயும் இல்ல மெஷின்லயும் இல்ல.

அணு உலை வெடிச்ச கதைய சொல்ற "செர்னோபில்" சீரியலுக்கு, 2019, ஐஸ்லாந்து நாட்டு ஹில்துர் குட்னாடாட்டிர் என்ன பண்ணாங்கன்னா, லிதுவேனியால மூடிப்போன அணு மின் நிலையம் ஒண்ணுக்குள்ள பாதுகாப்பு உடுப்பு மாட்டிக்கிட்டு போய் கதவு, பம்ப்பு, காலி ரூம் முழங்கறது எல்லாத்தையும் பதிஞ்சு எடுத்துட்டு வந்து, அதையும் தன் குரலையும் வச்சுத்தான் மொத்த இசையும் செஞ்சாங்க. இத்தனைக்கும் அவங்க செல்லோ, அதாவது பெரிய சைஸ் வயலின் மாதிரி ஒண்ணு, வாசிக்கிறவங்க. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மோந்தாலும் தெரியாது, ஆனா அந்த சீரியல்ல காதுக்குத் தெரியும். மறு பக்கம் "இன்டர்ஸ்டெல்லர்" 2014, விண்வெளிப் படம், கம்ப்யூட்டர் சத்தமாத்தான் இருக்கும்னு நெனைப்போம், ஹான்ஸ் சிம்மர் லண்டன்ல டெம்பிள் சர்ச்சுக்குப் போய் அங்க இருந்த பெரிய குழாய் ஆர்கன வாசிக்க வச்சுப் பதிஞ்சார். இதுல டைரக்டர் நோலன் பண்ண தந்திரம் வேற, விண்வெளிங்கறதையே சொல்லாம ஒரு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல இருக்கறதப் பத்தி ஒரே ஒரு பக்கம் டைப் அடிச்சுக் குடுத்து, இதுக்கு ட்யூன் போடுன்னுட்டார். ராக்கெட்டுனு சொல்லியிருந்தா சத்தமாத்தான் ஆரம்பிச்சிருப்பார்னு எனக்குத் தோணுது.

படிக்கும்போது கேக்கலாமா? (பிளஸ் டூ மாணவன், ஈரோடு)

கணக்கு போடும்போது கேளு. மனப்பாடம் பண்ணும்போது நிறுத்து. பிளேலிஸ்ட் தேடறதுலயே ஒரு மணி நேரம் போச்சுன்னா ரெண்டையும் மூடிட்டுப் போய் தூங்கு தம்பி.

இதுக்கெல்லாம் எவ்ளோ ரூபாய்ல ஹெட்போன் வாங்கணும்? (வாசகர், சென்னை)

ஈனோவுக்கு ஒரு ஸ்பீக்கர் ஓடவே இல்ல சார்.

எங்கப்பா காலைல ஷேவ் பண்ணும்போது "மால்குடி டேஸ்" ட்யூன முணுமுணுப்பார். போன வருஷம் தவறிட்டார். அந்த மியூசிக் யாரோடது? கேக்கணும்னு ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. (வாசகி, திருநெல்வேலி)

எல்.வைத்தியநாதன்மா. வயலின் எல்.சுப்ரமணியம், எல்.சங்கர் இவங்களுக்கு அண்ணன். சங்கர் நாக் இயக்கி தூர்தர்ஷன்ல வந்த தொடர், ஆர்.கே.நாராயண் கதைக்கு அவர் தம்பி ஆர்.கே.லட்சுமண் கோட்டோவியம் போட, பின்னாடி அந்தத் "தான தான"ன்னு ஒரு குரல் வரும், வரி கிடையாது. வரி இருந்திருந்தா அது ஒரு மொழிக்காரங்களுக்குச் சொந்தமாயிருக்கும், இப்ப பாருங்க திருநெல்வேலில ஷேவ் பண்றவருக்கும் லக்னோல இஸ்திரி போடறவருக்கும் அதே ட்யூன்தான். கமல் நடிச்ச "பேசும் படம்" 1987, அதுக்கும் இவர்தான், வசனமே இல்லாத படத்த தோள்ல தூக்கிட்டுப் போனவர், அவருக்குக் கெடைக்க வேண்டிய பேரு கெடைக்கலங்கற ஆதங்கம் எனக்கு இருக்கு, அது தனி இதழுக்கு.

பயப்படாதீங்க, கேளுங்க. காலைல கேளுங்க, பாத்ரூம் கதவத் தொறந்து வச்சுட்டு பக்கத்து ரூம்ல கம்மியா ஓட விடுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், அப்பா முணுமுணுத்தது ஒரிஜினல் மாதிரி இருந்திருக்காது, நடுவுல பிளேடு தாடைகிட்ட வரும்போது நின்னு அப்பறம் மறுபடி தொடங்கியிருப்பார், அதனால இப்ப கேக்கும்போது அந்த எடத்துல இவங்க நிக்காம போய்ட்டே இருக்காங்களேன்னு தோணும். எனக்கு குக்கர் விசில் மாதிரி.